அராயெஸா, லோபெஸா: ஒரு பேட்டிங் சாம்பியனை விட்டுக்கொடுத்த முடிவின் கணக்கு

2023 ஜனவரி 20 அன்று, அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடும் மினசோட்டா ட்வின்ஸ் அணி தன் பேட்டர் லூயிஸ் அராயெஸை மயாமி மார்லின்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. சில மாதங்களுக்கு முன்புதான் அவர் .316 சராசரியுடன், மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் பட்டத்தை (சராசரியில் முதலிடத்தை) வென்றிருந்தார். அதே பருவத்தில் 62 ஹோம் ரன்களும் 131 ஆர்பிஐகளும் (அவருடைய அடியால் அணிக்கு வந்த ஓட்டங்கள்) குவித்து இரண்டு பட்டியல்களிலும் முதலிடம் பிடித்திருந்த நியூயார்க் யாங்கீஸின் ஏரன் ஜட்ஜ், சராசரியில் .311-இல் நின்றுவிட்டதால் மூன்றிலும் முதலிடம் பெறும் மும்முடிச் சாதனையை இழந்தார். அவரைத் தடுத்த மனிதரை மினசோட்டா அனுப்பிவிட்டு, பாப்லோ லோபெஸ் என்ற பிட்சரையும் (பந்து வீசுபவர்) ஹோசே சாலஸ், பைரன் சூரியோ என்ற இரண்டு இளம் வீரர்களையும் பெற்றுக்கொண்டது. பேட்டை வீசினால் பந்தில் படாமல் போவது அரிது என்ற அளவுக்குத் தேர்ந்த ஒரு வீரரை வைத்துக்கொள்வதா, அவரைக் கொடுத்து வேறொன்றை வாங்குவதா என்ற கேள்விக்கு அண்மைக்காலத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. ஆனால் அது சரியானதற்குக் காரணமாகப் பலரும் சொல்வது, அராயெஸின் ஆட்டம் காலாவதியான ஆட்டம் என்பது. அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை.

கிரிக்கெட் வழியாக இந்த ஆட்டத்துக்கு வருபவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது ஆட்டமிழப்புக்கு எத்தனை ஓட்டம் என்ற கணக்கு அல்ல. ஒரு பேட்டர் சந்தித்த வாய்ப்புகளில், வாக் (நான்கு தவறான பந்துகளுக்கு ஈடாகக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) போன்றவற்றைக் கழித்த பின், எத்தனையை ஹிட்டாக (பந்தை அடித்து ஒரு பேஸையேனும் பாதுகாப்பாக அடைவது) மாற்றினார் என்ற விகிதம் அது. 2022-இல் மேஜர் லீக் முழுவதன் சராசரி .243 மட்டுமே. பிட்சர்கள் மணிக்கு 95 மைலுக்கு மேல் வீசுவது வழக்கமாகிவிட்ட இக்காலத்தில் ஐந்து முறைக்கு ஒருமுறைக்கு மேல் பேட்டர் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து ஆட்டமிழப்பது) ஆகிறார். அராயெஸ் அந்தப் பருவத்தில் 603 முறை களத்தட்டில் நின்று 43 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அதாவது பதினான்கு முறைக்கு ஒன்று. வெனிசுவேலாவின் யாராக்குய் மாநிலத்திலுள்ள சான் ஃபெலிப்பேயில் 1997-இல் பிறந்து, பதினாறு வயதில் ட்வின்ஸுடன் ஒப்பந்தமாகி, அவர்களுடைய பயிற்சி அணிகளின் வழியே படிப்படியாக வளர்ந்து, 2019 மே மாதம் மேஜர் லீக்கில் அடியெடுத்து வைத்த அந்த ஆண்டே 92 ஆட்டங்களில் .334 அடித்த வீரர் அவர். ட்வின்ஸ் ரசிகர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தார்கள். ஏழு பேட்டிங் பட்டங்கள் வென்ற ராட் கரூவும், மூன்று பட்டங்கள் வென்ற ஜோ மாவரும் ஆடிய அணி அது. அந்த வரிசையில் அடுத்தவராக வந்தவரை ஜனவரி மாதக் குளிரில் வழியனுப்பிவைத்தது எளிதில் ஆறும் காயம் அல்ல.

அந்த ஜனவரியில் மினசோட்டாவின் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வழி, அராயெஸை வைத்துக்கொள்வது. அவர் மீது அணிக்கு இன்னும் மூன்று பருவங்களின் உரிமை இருந்தது, 2025 முடியும் வரை. சம்பளமும் பெரிதல்ல, சம்பள நடுவர் மன்றத் தீர்ப்பின்படி 2023-க்கு அவருக்குக் கிடைத்தது 61 லட்சம் டாலர். இந்த விலைக்கு ஒரு பேட்டிங் சாம்பியன் கிடைப்பது அணிகளுக்கு அரிதான வாய்ப்பு. மூன்றாம் பேஸில் ஓட்டக்காரர் நிற்க, ஒரே ஒரு அவுட் ஆகியிருக்கும் கட்டத்தில், பேட்டர் பந்தை எங்காவது தட்டிவிட்டாலே ஓட்டம் வந்துவிட வாய்ப்புண்டு. ஸ்ட்ரைக் அவுட் ஆனால் அந்த வாய்ப்பு முழுதாகச் செத்துவிடும். அத்தகைய கட்டங்களில் களத்தட்டில் யார் நிற்க வேண்டும் என்று எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் அராயெஸின் பெயரைச் சொல்வார். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகும் அவருடைய ஆட்டத்தில் பதற்றம் தெரியாது. வெளிப்பக்கம் விலகும் பந்தை இடப்புறக் களத்துக்குள் மெல்லத் தூக்கிவிடுவார், உள்ளே நெருங்கும் பந்தை வலப்புறம் இழுத்துவிடுவார். ஆகவே தடுப்பாளர்களை எங்கே நிறுத்துவது என்று எதிரணி எவ்வளவு கணக்குப் போட்டாலும் பயன் குறைவு.

இவ்வளவு இருந்தும் அவரைப் பற்றிய தயக்கம் எங்கிருந்து வந்தது? சராசரி என்ற எண் எல்லா ஹிட்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுகிறது என்பதிலிருந்து வந்தது. இரண்டு பருவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2023-இல் ஃபிலடெல்ஃபியாவின் கைல் ஷ்வார்பர் அடித்த சராசரி .197. அந்த எண்ணை மட்டும் கண்டவர் அவரை அணியைவிட்டே நீக்கச் சொல்வார். ஆனால் அவர் 126 முறை வாக் பெற்றார், 47 ஹோம் ரன் அடித்தார், அவர் பேஸை அடைந்த விகிதம் .343. 2024-இல் அராயெஸ் .314 அடித்து மீண்டும் ஒரு பட்டம் வென்றார். வாக் பெற்றதோ 24 முறைதான், பேஸை அடைந்த விகிதம் .346. ஒருவர் சராசரியில் லீக்கின் உச்சி, மற்றவர் அடிமட்டம். பேஸை அடைவதிலோ இருவருக்கும் இடையே மயிரிழை வேறுபாடு. அடியின் நீளத்தை அளக்கும் ஸ்லக்கிங் விகிதத்தில் ஷ்வார்பர் .474, அராயெஸ் .392. பல காலம் சராசரியை நம்பியே வீரர்களை மதிப்பிட்ட இந்த ஆட்டம், இத்தகைய ஒப்பீடுகள் கைக்கு வந்த பிறகே தன் அளவுகோலை மாற்றிக்கொண்டது. அந்த மாற்றம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் மாற்றம் சில இடங்களில் அளவுமீறியும் போயிற்று. பேட் வீச்சின் வேகத்தை 2024 முதல் பொதுவெளியில் வெளியிடத் தொடங்கியபோது, பட்டியலின் கடைசியில் அராயெஸ் இருந்தார். மற்றவர்களின் சராசரி வீச்சு மணிக்கு சுமார் 72 மைல் இருக்க, அவருடையது 62, 63 மைல் அளவில்தான் இருந்தது. இதைக் குறையாகவே எடுத்துப் பேசியவர்கள் உண்டு. அதே அளவீட்டில் பேட்டின் சரியான புள்ளியில் பந்தைச் சந்திக்கும் விகிதத்தில் அவர் முன்வரிசையில் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். அவர் வேகத்தைக் கொடுத்துத் துல்லியத்தை வாங்கியவர். வலுவில்லாமல் போனதால் அப்படி ஆடவில்லை. அவருடைய கைக்கும் கண்ணுக்கும் எது அதிகப் பலன் தருமோ அதைத் தேர்ந்து ஆடினார். ஆகவே, இவர் வலுவாக அடிக்காததால் மதிப்பில்லாதவர் என்ற வாதத்தை நான் புறந்தள்ளிவிடுகிறேன். வலுவாக அடிக்காததால், ஒவ்வொரு பருவத்திலும் ஹிட்டுகள் ஏறக்குறைய இருநூறைத் தொட்டால்தான் அவருடைய மொத்தப் பங்களிப்பு உயரும் என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியவில்லை. பந்தைத் தொடுவதையே நம்பி ஆடும் பேட்டருக்கு, தட்டிய பந்து தடுப்பாளரின் கைக்கு ஓரடி தள்ளி விழுகிறதா, கைக்குள்ளேயே போகிறதா என்பது அவர் கட்டுப்பாட்டில் இல்லாத விஷயம். ஒரு பருவத்தில் .354 அடிப்பவர் இன்னொன்றில் .292-க்கு இறங்குவது திறமை மங்கியதால் மட்டும் நேர்வதல்ல.

தடுப்பாட்டம் தனிக் கதை. இரண்டாம் பேஸில் அவருடைய கால்களுக்கு எட்டும் பரப்பு குறைவு. முழங்கால்களும் அவரைத் தொடர்ந்து தொல்லைப்படுத்தி வந்தன. 2022-இல் மினசோட்டா அவரைப் பெரும்பாலும் முதல் பேஸில் நிறுத்தியது. அங்கே வைத்தால் இழப்பு குறையும். ஆனால் முதல் பேஸ் என்பது வழக்கமாக 25, 30 ஹோம் ரன் அடிப்பவர்கள் நிற்கும் இடம். 8 ஹோம் ரன் அடித்தவரை அங்கே நிறுத்தும் அணி, அந்த வேறுபாட்டை வேறெங்காவது ஈடுகட்டியாக வேண்டும். இரண்டாம் பேஸில் அவரைவிட நன்றாகத் தடுத்தாடும் ஹோர்ஹே போலாங்கோ அப்போது அணியில் இருந்தார். வாக் எடுப்பதில் தேர்ந்த எடுவார்ட் ஜூலியன் கீழ் லீக்கிலிருந்து மேலே வரக் காத்திருந்தார். அராயெஸுக்கு மாற்று உண்டு என்பது அந்த ஜனவரியில் மறைமுகமான செய்தி அல்ல.

மினசோட்டாவிடம் இல்லாதது பிட்சர். 2022-இல் அந்த அணி 78 வெற்றி, 84 தோல்வி என்று முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் தொடக்கப் பிட்சர்கள் நான்கு, ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் நீடிக்காமல் போவது வாடிக்கையாக இருந்தது. இந்தக் குறையைத் தீர்க்க அராயெஸைத் தொடாத வழிகளும் இருந்தன, அவற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

திறந்த சந்தையில் பணம் கொடுத்து வாங்குவது அவற்றில் ஒன்று. அந்தக் குளிர்காலத்தில் கார்லோஸ் ரோடான் ஆறு ஆண்டுகளுக்கு 16.2 கோடி டாலருக்கு யாங்கீஸிடம் போனார். கிறிஸ் பாசிட் மூன்று ஆண்டுகளுக்கு 6.3 கோடி டாலருக்கு டொராண்டோவில் சேர்ந்தார். மினசோட்டா தன் பெரும் பணத்தை ஷார்ட்ஸ்டாப் கார்லோஸ் கொரேயாவுக்கு ஆறு ஆண்டுகளில் 20 கோடி டாலர் என்று அந்த ஜனவரியிலேயே உறுதி செய்துவிட்டது. அதற்குப் பின் இன்னொரு பெரிய ஒப்பந்தம் என்பது அந்தச் சந்தை அளவுள்ள நகரத்தின் அணிக்கு நடைமுறையில் இல்லாத ஒன்று.

இன்னொன்று, கீழ் லீக் இளைஞர்களைக் கொடுத்து பிட்சரை வாங்குவது. அதை மினசோட்டா முந்தைய ஆகஸ்டில்தான் செய்திருந்தது. ஸ்பென்சர் ஸ்டீர் உள்ளிட்ட மூவரைச் சின்சினாட்டிக்குக் கொடுத்து டைலர் மாலியை வாங்கியது. மாலி தோள்வலியால் அந்தப் பருவத்திலேயே ஒதுங்கினார், அடுத்த ஆண்டு முழங்கை அறுவைசிகிச்சைக்கும் போனார். ஸ்டீர் சின்சினாட்டியில் நிலையான பேட்டராகிவிட்டார். அதே கிணற்றில் மறுபடியும் வாளியை இறக்க அணிக்கு மனம் வராததில் வியப்பில்லை.

எஞ்சியது, மேஜர் லீக்கிலேயே தன்னை நிரூபித்த ஒருவரைக் கொடுத்து அதேபோல் நிரூபித்த ஒருவரை வாங்குவது. லோபெஸும் வெனிசுவேலாக்காரர், காபிமாஸ் நகரில் பிறந்தவர். 2022-இல் 180 இன்னிங்ஸ் வீசி 174 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். அவருடைய தோளில் முன்பு ஏற்பட்ட சிக்கல் ஒரு அபாயம். அவர் மீது இருந்த உரிமை இரண்டே பருவங்கள், அராயெஸ் மீதிருந்ததைவிட ஒன்று குறைவு. அந்த ஓர் ஆண்டு வேறுபாட்டைத்தான் இரண்டு இளம் வீரர்கள் ஈடு செய்தார்கள் என்று கொள்ளலாம். பேட்டரைக் கொடுத்து பிட்சரை வாங்குவதில் அடிப்படையான ஓர் ஆபத்து உண்டு: பிட்சரின் கை எந்த வாரத்திலும் முறியலாம், பேட்டர் பெரும்பாலும் தினமும் ஆடுவார். மினசோட்டா அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுத்தது.

பலன் எப்படி வந்தது என்பதைச் சொல்வதற்கு முன், பலனை வைத்து மட்டும் முடிவைத் தீர்ப்பிடக் கூடாது என்பதை வலியுறுத்துகிறேன். 2023-இல் அராயெஸ் செய்ததைப் பார்த்தால் மினசோட்டா முட்டாள்தனம் செய்துவிட்டது என்றுதான் தோன்றும். ஏப்ரல் 11 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரே ஆட்டத்தில் சிங்கிள், டபுள், ட்ரிபிள், ஹோம் ரன் நான்கையும் அடித்தார். மார்லின்ஸ் வரலாற்றில் அதற்கு முன் எவரும் செய்யாதது அது. ஜூன் மாதத்தின் பெரும்பகுதியில் .400-ஐ ஒட்டியே அவர் சராசரி நின்றது. 1941-இல் டெட் வில்லியம்ஸுக்குப் பிறகு எவரும் ஒரு முழுப் பருவத்தில் எட்டாத அந்த எண்ணை அவர் துரத்தியதைக் காண, வேறு அணிகளின் ரசிகர்களும் மயாமி ஆட்டங்களைத் தேடிப் பார்த்தார்கள். முடிவில் .354, 203 ஹிட், 34 ஸ்ட்ரைக் அவுட், மற்றொரு பாதியான நேஷனல் லீக்கின் பட்டம். அடுத்தடுத்த பருவங்களில் இரண்டு லீக்குகளிலும் பட்டம் வென்ற முதல் வீரர் அவரே.

அதே பருவத்தில் லோபெஸ் 194 இன்னிங்ஸ் வீசினார், 234 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.66 என்ற விகிதத்தில் ஓட்டம் கொடுத்தார். ஏப்ரலிலேயே மினசோட்டா அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 7.35 கோடி டாலர் என்று புதிய ஒப்பந்தம் கொடுத்தது. உரிமையில் இருந்த ஓராண்டுக் குறைவு அத்துடன் மறைந்தது. பாசிட்டுக்கு டொராண்டோ கொடுத்ததைவிட ஆண்டுக்குக் குறைந்த தொகையில், ஏழு வயது இளையவர் ஒருவர் 2027 வரை கிடைத்தார். இந்த வீரர் பரிமாற்றத்தின் உண்மையான ஆதாயம் இந்த ஒப்பந்தம்தான் என்பது என் கணிப்பு. இது இல்லாவிட்டால் மினசோட்டாவின் பக்கம் தராசு இவ்வளவு சாய்ந்திருக்காது.

அந்த அக்டோபரை விட்டுவிட முடியாது. ட்வின்ஸ் அணி 2004 முதல், பருவம் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் பின்னாட்டங்களில் தொடர்ந்து 18 தோல்விகளைச் சந்தித்திருந்தது. 2023 அக்டோபர் 3 அன்று டொராண்டோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர் லோபெஸ். ராய்ஸ் லூயிஸ் இரண்டு ஹோம் ரன் அடிக்க, 3-1 என்று வென்று அந்தச் சங்கிலி அறுந்தது. சில நாட்கள் கழித்து ஹியூஸ்டனில் ஏழு இன்னிங்ஸ் ஓட்டமே கொடுக்காமல் வீசி, அந்தத் தொடரில் மினசோட்டாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றியைத் தந்தவரும் அவரே. இத்தகைய இரண்டு இரவுகளை ஒரு பேட்டரால் தனியாகத் தர இயலாது. தொடக்கப் பிட்சர் ஓர் ஆட்டத்தின் பாதிக்கு மேல் கையில் வைத்திருப்பவர். ஒன்பது பேட்டர்களில் ஒருவருக்கு நான்கு, ஐந்து முறைதான் வாய்ப்பு வரும்.

இன்னொரு எண் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 2023-இல் மினசோட்டாவின் பேட்டர்கள் 1,654 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார்கள். மேஜர் லீக் வரலாற்றில் ஓர் அணி ஒரு பருவத்தில் எட்டிய மிக அதிகமான எண்ணிக்கை அது. ஸ்ட்ரைக் அவுட் ஆகாத மனிதரை அனுப்பிவிட்டு அந்தச் சாதனையைப் படைத்த அணி 233 ஹோம் ரன்களும் அடித்து, 87 ஆட்டங்களில் வென்று, தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஸ்ட்ரைக் அவுட் தன்னளவில் தோல்வியைக் கொண்டுவருவதில்லை என்பதற்கு இது வலுவான சான்று. ஆனாலும் அந்தப் பருவத்தின் முதல் பாதியில், பேஸ்களில் ஆள் நிற்க, பேட்டர் மேல் பேட்டராக வெறுங்காற்றை வீசிவிட்டுத் திரும்பிய ஆட்டங்களைப் பார்த்த எவருக்கும் அராயெஸ் நினைவுக்கு வராமல் இருந்திருக்க மாட்டார். அந்த ஏக்கம் உணர்ச்சி மட்டும் அல்ல. எட்டுப் பேர் ஒரே மாதிரி ஆடும் வரிசையில் ஒன்பதாவது ஆள் வேறு மாதிரி ஆடுவதற்கு, அவருடைய சொந்த எண்களில் தெரியாத ஒரு மதிப்பு உண்டு என்றே நம்புகிறேன்.

மயாமியின் பக்கம் திரும்பினால் கணக்கு வேறாக இருக்கிறது. கிம் இங் நிர்வகித்த அந்த அணியிடம் 2022-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்ற சாண்டி அல்காண்டரா உட்பட பிட்சர்கள் நிறைந்திருந்தார்கள். ஓட்டம் எடுப்பதிலோ கீழ்வரிசையில் கிடந்து, 93 ஆட்டங்களில் தோற்றிருந்தது. ஆகவே மிகையாக இருந்ததைக் கொடுத்து இல்லாததை வாங்கினார்கள். அராயெஸுக்கு இரண்டாம் பேஸை ஒதுக்க, ஜாஸ் சிஷம் மையக் களத்துக்கு மாற்றப்பட்டார். 2023-இல் அணி 84 ஆட்டங்களில் வென்று பின்னாட்டத்துக்குத் தகுதி பெற்றது; ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 33 வெற்றி, 14 தோல்வி. நெருக்கடியில் பந்தைத் தவறாமல் தொடும் ஒருவர் இருந்ததால்தான் அது நடந்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் கொடுத்த ஓட்டங்கள் எடுத்த ஓட்டங்களைவிட அதிகமாக இருந்தும் வென்ற அணி அது. அத்தகைய பருவங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. எப்படியிருந்தாலும், ஒரே வீரர் பரிமாற்றத்தில் ஈடுபட்ட இரண்டு அணிகளும் அதே ஆண்டில் பின்னாட்டத்துக்குப் போனது அடிக்கடி காணக் கிடைக்காத காட்சி. இரண்டும் சரியாகவே தேர்ந்தெடுத்தன, ஏனென்றால் இரண்டின் குறைகளும் எதிரெதிராக இருந்தன.

அதன் பிறகு மயாமி செய்தது வேகமான விலகல். 2024 பருவத்தின் தொடக்கத்திலேயே தோல்விகள் குவிய, புதிய நிர்வாகம் மே 4 அன்று அராயெஸை சான் டியாகோ பாத்ரேஸுக்கு அனுப்பி, பதிலுக்குத் தென்கொரியப் பிட்சர் கோ வூ-சுக்கையும் மூன்று இளம் வீரர்களையும் பெற்றது. அவருடைய மீதிச் சம்பளத்தில் பெரும்பகுதியை மயாமியே செலுத்த ஒப்புக்கொண்டது. சான் டியாகோவின் கோணத்தில் இதைவிட நல்ல பேரம் அரிது. பணம் ஏறக்குறைய செலவாகவில்லை, கையில் வந்தது பேட்டிங் சாம்பியன், உடனடித் தேவை அந்த ஆண்டு வெல்வது. இடக்கைப் பெருவிரலில் தசைநார் கிழிந்த நிலையிலும் அராயெஸ் தொடர்ந்து ஆடி .314 அடித்தார், 200 ஹிட் எடுத்தார், தொடர்ந்து 141 வாய்ப்புகள் ஸ்ட்ரைக் அவுட்டே ஆகாமல் கடந்தார். மூன்று ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு அணிகளுக்காகப் பட்டம் வென்ற முதல் வீரரானார். 54 ஹோம் ரன் அடித்த ஷோஹேய் ஓட்டானி .310-இல் நின்று, ஜட்ஜைப் போலவே மும்முடியை அவரிடம் இழந்தார். அணி 93 ஆட்டங்களில் வென்றது.

2025-ஆம் ஆண்டுக் கணக்கு அவ்வளவு இனிமையானது அல்ல. இப்போது சம்பளம் 1.4 கோடி டாலர், முழுவதும் சான் டியாகோவின் பையிலிருந்து. பெரும்பாலும் முதல் பேஸில் நின்ற அவர் 181 ஹிட்டுகளுடன் நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்தார். பருவம் முழுவதும் 21 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். இந்த யுகத்தில் நம்புவதற்கே கடினமான எண் அது. ஆனாலும் சராசரி .292, பேஸை அடைந்த விகிதம் .327. முதல் பேஸில் நிற்பவரிடமிருந்து ஓர் அணிக்கு வேண்டியது இது அல்ல. கைக்கு எளிதாகப் படும் என்பதற்காக, விட்டுவிட வேண்டிய பந்துகளையும் தொடத் தொடங்கியதில்தான் வாக் எண்ணிக்கை மெலிந்தது என்பது என் எண்ணம். 2022-இல் 50 வாக் எடுத்தவர் அவர். மினசோட்டாவில் லோபெஸும் அதே ஆண்டில் தோள் தசைக் காயத்தால் பல வாரங்கள் ஒதுங்கி 14 ஆட்டங்களையே தொடங்கினார். ஆடியவற்றில் 2.74 என்ற விகிதத்தில் மிக நன்றாகவே வீசினார்.

அந்தப் பருவம் முடிந்ததும் அராயெஸ் எந்த அணியுடனும் ஒப்பந்தம் பேசக்கூடிய சுதந்திர வீரரானார். அத்தகைய வீரரைத் தக்கவைக்க அணி தரும், ஓராண்டுக்கு 2.2 கோடி டாலர் என்ற தகுதி அழைப்பை சான் டியாகோ டிலன் சீஸுக்கும் மைக்கேல் கிங்கிற்கும் கொடுத்தது, அராயெஸுக்குக் கொடுக்கவில்லை. அந்த விலையில் அவரை மறுத்தது சரியே. அதில் பாதியளவில், ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுகளுக்கோ, இரண்டாம் பேஸில் நிற்கவைக்கத் துணியும் அணி, தன் வரிசையில் ஹோம் ரன் அடிப்பவர்கள் ஏற்கெனவே ஐந்தாறு பேர் இருந்து, பேஸ்களில் நிற்பவர்களை வீட்டுக்கு அழைத்துவர ஆளில்லாமல் திணறுமானால், அது அவரைத் தயங்காமல் எடுக்க வேண்டும். ஹோம் ரன் அடிக்கவே ஆளில்லாத அணி, அதே பணத்தை வேறொருவருக்குக் கொடுப்பதே நல்லது.